பலபயன் பைக்கத்தி வாங்குவோருக்கு: கைப்பிடிப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பையில் வைத்துக்கொள்ளும் பலபயன் கத்தியை முதன்முறையாக வாங்கப் போகிறவர், அதில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்றே முதலில் எண்ணிப் பார்க்கிறார். விற்பவர்களும் கருவிகளின் எண்ணிக்கையையும் அலகின் எஃகையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கைப்பிடியை 'உயர்தரப் பிடி' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். நாள்தோறும் உங்கள் விரல்கள் தொடுவதும், வியர்வையையும் எண்ணெயையும் உப்பையும் வாங்கிக்கொள்வதும், கீழே விழும்போது முதலில் அடிபடுவதும் அந்தக் கைப்பிடியே. அலகு மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம். பொருந்தாத கைப்பிடி அமைந்துவிட்டால், பல மாதிரிகளில் அதை மாற்றவே முடியாது.

கடைக்குக் கடை முரணான பதில்கள் கிடைத்ததால், இந்தப் பொருள்களைப் பற்றிய தகவல்களை நானே நெடுநாள் தேடித் திரட்ட வேண்டியிருந்தது. புதிதாக வாங்குவோருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, முடிவெடுக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தயாராகும் விக்டோரினாக்ஸ், அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த லெதர்மேன் ஆகிய இரண்டையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். சந்தையில் உள்ள மற்றக் கருவிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கட்டுமானங்களில் ஒன்றையே பின்பற்றுகின்றன.

1. கைப்பிடி கருவியைத் தாங்கும் எலும்புக்கூடா, மேலே மூடும் தோல் மட்டுமா என்று முதலில் பாருங்கள்

பொருளின் பெயரைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. (மடக்கிய நிலையில் நீளம்) கத்தியில் கருவிகளையும் வில்களையும் (ஸ்பிரிங்குகளையும்) மெல்லிய அலுமினிய உள் தகடுகளும் ரிவிட்டுகளும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. வெளியே தெரியும் சிவப்பு மேலோடு, ரிவிட்டுகளின் முனையில் அழுத்திப் பொருத்தப்பட்ட மேல்தோல் போன்றது மட்டுமே. அது உடைந்தாலும் கத்தி வேலை செய்யும், மேலோட்டை மட்டும் மாற்றிவிடலாம்.

அதே நிறுவனத்தின் அலாக்ஸ் வகையில் ரிவிட்டுகள் அலுமினிய மேலோட்டையும் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. அங்கே மேலோடும் கட்டுமானத்தின் பகுதி. ரிவிட்டைத் துளையிட்டு எடுக்காமல் அதைக் கழற்ற இயலாது. இடுக்கி வகையைச் சேர்ந்த லெதர்மேன் வேவ் பிளஸ் போன்ற கருவிகளில், வளைத்து உருவாக்கிய எஃகுத் தகடே கைப்பிடி. கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது உங்கள் கையின் முழு விசையையும் அது தாங்குகிறது.

ஆகவே, இடுக்கி உள்ள கருவியில் கைப்பிடியின் வலிமையைக் கேளுங்கள். மடக்குக் கத்தி வகையில் மேலோட்டின் பிடிமானத்தையும், அது எதற்குத் தாங்கும் என்பதையும், மாற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் 'பிளாஸ்டிக் மட்டம், உலோகம் உயர்வு' என்று முடிவெடுப்பதே புதியவர்கள் அதிகம் விழும் குழி.

2. அந்தக் கைப்பிடியை என்னென்ன தொடும் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: கை அதிகம் வியர்க்குமா, கடலோரத்தில் பயன்படுத்துவீர்களா, கிரீஸ் படிந்த கையோடு எடுப்பீர்களா, பழமும் காய்கறியும் நறுக்குவீர்களா, வண்ணப்பூச்சு, தின்னர், சிமெண்ட், பேட்டரி அமிலம் போன்றவை அருகில் இருக்குமா. ஒவ்வொரு கைப்பிடிப் பொருளுக்கும் ஆகாத சரக்கு ஒன்று இருக்கிறது. அது உங்கள் வேலையில் இருக்கிறதா என்பதே இந்தத் தேர்வில் பாதி. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் இருப்பவர்கள் உப்புக் காற்றைத் தவறாமல் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மின்வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலோடு பிளாஸ்டிக்காக இருந்தாலும் இந்தக் கத்திகள் எதுவும் மின்காப்புக் கருவி ஆகாது. ரிவிட்டும் உள் தகடும் வில்லின் முதுகும் வெளியே திறந்தே இருக்கின்றன. மின்னோட்டம் உள்ள கம்பியில் இவற்றை வைக்காதீர்கள்.

3. செல்லிடோர், நைலான்: இரண்டு பிளாஸ்டிக்குகளையும் பிரித்தறியுங்கள்

விக்டோரினாக்ஸின் 58, 84, 91 மி.மீ. கத்திகளில் பளபளப்பாகத் தெரியும் மேலோடு செல்லிடோர் என்ற பொருளால் ஆனது. செல்லுலோஸிலிருந்து பெறப்படும் செல்லுலோஸ் அசிட்டேட் பியூட்டிரேட் அதன் வேதிப்பெயர். கைக்கு இதமானது, எடை குறைந்தது, வெயிலிலும் குளிரிலும் உலோகம்போல் சட்டென்று சூடாகவோ சில்லிடவோ செய்யாது. 91 மி.மீ. மேலோட்டுக்குள் பல்குச்சியும் சாமணமும் செருகும் இடம் இருக்கிறது. முள் எடுக்கும் அந்தச் சாமணத்துக்காகவே செல்லிடோரை விரும்புவோர் பலர், அதில் எனக்கும் முழு உடன்பாடு உண்டு. சாவியும் நாணயமும் உள்ள பையில் கிடந்தால் மேற்பரப்பில் கீறல்கள் விரைவில் விழும். ஈரக்கையிலும் எண்ணெய்க் கையிலும் அந்தப் பளபளப்பு வழுக்கும்.

இதற்கு ஆகாத சரக்குகளைக் கவனமாக நினைவில் கொள்ளுங்கள். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி, வண்ணப்பூச்சுத் தின்னர் ஆகியவை செல்லிடோரைக் கரைக்கும். அதைவிட எளிதில் நேரக்கூடியது கொசு விரட்டியால் வரும் சேதம். டீட் என்ற வேதிப்பொருள் உள்ள விரட்டியைக் கையில் தடவிக்கொண்டு உடனே கத்தியை எடுத்தால், மேலோட்டின் மேற்பரப்பு இளகி, விரல் ரேகை பதியும் அளவுக்குக் குழையக்கூடும். காட்டுப் பயணத்துக்குக் கத்தியும் கொசு விரட்டியும் சேர்ந்தே செல்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விரட்டியின் உறையில் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். டீட் இருந்தால் கையைக் கழுவிய பிறகு கத்தியைத் தொடுங்கள், இரண்டையும் பையின் ஒரே அறையில் வைக்காதீர்கள். கொதிநீரில் போட்டுக் கிருமி நீக்கவும் முயல வேண்டாம், மேலோடு வளைந்துவிடக்கூடும்.

நைலான் மங்கலான, சற்றுச் சொரசொரப்பான மேற்பரப்பு உடையது. விக்டோரினாக்ஸின் பெரிய 111, 130 மி.மீ. கத்திகளில் இதையே காண்பீர்கள். பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் பெரிதாகப் பாதிக்கப்படாது, கீறல் அதிகம் தெரியாது, விழுந்தாலும் எளிதில் விரிசல் விடாது. வலிமையான அமிலங்களே இதற்கு எதிரி என்பதால், வாகனப் பட்டறையில் இருப்பவர்கள் பேட்டரி அமிலத்தை மட்டும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாதிரிகளில் நைலானோடு ரப்பர் போன்ற மென்மையான பொருளைச் சேர்த்து இருநிறப் பிடியாக வார்த்திருப்பார்கள். சுவிஸ் இராணுவம் 2009 முதல் வழங்கும் 111 மி.மீ. கத்தியும் இவ்வகையைச் சேர்ந்தது. வியர்த்த கைக்கு இதைவிட உறுதியான பிடி இந்த விலை வரம்பில் எனக்குத் தெரிந்து இல்லை.

நைலான் பிடிக்காக 111 மி.மீ. கத்தியைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும் அலகும் சேர்ந்தே வரும். பிரிட்டனில் வாழும் வாசகர்களுக்கு இது சட்டச் சிக்கல். அங்கே தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் எடுத்துச் செல்ல அனுமதி உள்ளது, பூட்டாத, வெட்டுமுனை 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டுமே.

4. அலாக்ஸ்: மெல்லிய பிடி வேண்டுவோருக்கு

அலாக்ஸ் என்பது புடைப்பு வடிவம் அச்சிட்டு, மின்வேதி முறையில் மேற்பரப்பை அலுமினிய ஆக்சைடாக மாற்றிய அலுமினியத் தகடு. 58, 84, 93 மி.மீ. அளவுகளில் கிடைக்கிறது. 84 மி.மீ. கேடெட் கத்தியின் எடை 46 கிராம் மட்டுமே. மேலோடு மெல்லியதாக இருப்பதால் சட்டைப் பையில் புடைத்துத் தெரியாது. அந்த ஆக்சைடு படலம் கடினமானது. அடியில் இருக்கும் அலுமினியம் மென்மையானது. அதனால் கல்தரையில் விழுந்தால் மேலோடு உடையாது, விளிம்பில் பள்ளம் விழும். நிறம் ஏற்றிய அலாக்ஸில் அந்தப் பள்ளத்தில் வெள்ளித் துளியாக உலோகம் தெரியும். ஆண்டுதோறும் புதிய நிறத்தில் வரும் சிறப்பு வெளியீடுகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். தினமும் பயன்படுத்தப் போகிறவருக்கு நான் சொல்வது நிறமற்ற வெள்ளி அலாக்ஸையே.

அலாக்ஸுக்கு ஆகாதது காரம். சலவைச் சோடா, அடுப்புப் பிசுக்கு நீக்கும் திரவங்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சோப்புத் தூள் ஆகியவை ஆக்சைடு படலத்தை அரித்து மங்கலாக்கும். ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் இதே வேலையைச் செய்யும். கட்டட வேலையில் இருப்பவர்கள் அலாக்ஸை வாங்கினால் பட்ட உடனே கழுவித் துடைக்க வேண்டும். அது இயலாது என்றால் நைலானுக்குப் போவது நல்லது. கடல்நீர் பட்டாலும் நன்னீரில் அலசாமல் மடக்கி வைக்காதீர்கள். கீறலின் வழியாகவும் ரிவிட்டைச் சுற்றியும் வெண்பொடி பூக்கத் தொடங்கும்.

அலாக்ஸ் மேலோட்டில் பல்குச்சிக்கும் சாமணத்துக்கும் இடம் இல்லை. இதை வாங்கிய பிறகு அறிந்து ஏமாறுவோர் உண்டு என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

5. எஃகும் டைட்டானியமும்: எடையைக் கணக்கிடுங்கள்

ஒரு கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் ஏறத்தாழ 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், துருப்பிடிக்காத எஃகு 7.8 கிராம். வேவ் பிளஸ் போன்ற முழு எஃகுக் கருவி 241 கிராம் இருக்கிறது. வேட்டியிலோ மெல்லிய காற்சட்டையிலோ வைத்துக்கொள்ளும் எடை அன்று அது, இடைவார் உறை வேண்டும். 'துருப்பிடிக்காத' என்ற பெயரை முழுமையாக நம்பிவிடவும் கூடாது. கருவிகளுக்குப் பயன்படும் கடினமான எஃகு வகைகளில் உப்பும் ஈரமும் தங்கினால் புள்ளித் துரு வரும்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, வியர்வைக்கும் கடல்நீருக்கும் அசையாது, எஃகைவிட மெதுவாகச் சூடேறும். ஆனால் 'டைட்டானியம் என்றால் எடை குறைவு' என்று எண்ணி வாங்காதீர்கள். லெதர்மேனின் சார்ஜ் வரிசையில் டைட்டானிய மேலோடு போட்ட கருவி சுமார் 250 கிராம், அதாவது வேவ் பிளஸைவிடச் சற்று அதிகம். உள்ளே இருக்கும் கருவிகள் அனைத்தும் எஃகே, டைட்டானியம் வெளித்தகடு மட்டுமே. கூடுதலாகக் கொடுக்கும் பணம் துருவின்மைக்கும் தொடுகைக்கும் அலகின் உயர்ந்த எஃகுக்கும் போகிறது.

கறுப்புப் பூச்சு போட்ட எஃகைப் பற்றி ஒரு வரி: விளிம்புகளில் அது தேயும், தேய்வதைக் குறையாகக் கருதுபவர் பூச்சில்லாத எஃகையே வாங்க வேண்டும்.

6. மரம், மைக்கார்ட்டா, ஜி10, கொம்பு

வால்நட் (அக்ரூட்) மர மேலோடுள்ள கத்திகள் அழகானவை, ஒவ்வொன்றின் ரேகையும் வேறு. ஆனால் நீரில் ஊறவிடக் கூடாது, காரில் வெயிலில் விட்டுவிடக் கூடாது, ஆண்டில் ஓரிரு முறை மெல்லிதாக எண்ணெய் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது உலராமல் தங்கிச் சிக்கு வாடை பிடிக்கும். உலர்ந்து கெட்டிப்படும் ஆளி விதை எண்ணெயைத் துளியளவு தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் காற்றாட வையுங்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும் தன்மை கொண்டது. விரித்து உலரவிட்ட பிறகு அல்லது நீரில் நனைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

மைக்கார்ட்டா என்பது துணி அல்லது தாள் அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை. ஈரத்தில் பிடிமானம் கூடும், நாள்பட நிறம் கருக்கும். ஜி10 அதுபோலவே கண்ணாடி இழைத் துணியையும் எப்பாக்சி என்ற பிசினையும் கொண்டு செய்வது. நீரையும் எண்ணெயையும் உறிஞ்சாது. இரண்டும் பெரும்பாலும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளும் மேலோடுகளாகக் கிடைக்கின்றன. பொருத்தம் சரியில்லை என்று ஜி10-ஐ அரத்தால் தேய்க்க நேர்ந்தால், முகமூடி அணிந்து நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மான் கொம்புப் பிடியுள்ள பழைய கத்திகள் வெளிநாட்டு ஏலங்களில் வருகின்றன. இந்தியாவில் இருப்பவர்கள் அவற்றை அஞ்சலில் வரவழைக்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 மான் கொம்பு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுங்கத்தில் பொருளும் பணமும் சேர்ந்தே போகும், வழக்கும் வரலாம்.

7. செலவை ஒப்பிடும் முறை

விலைகள் மாதந்தோறும் மாறுவதால், ஒரே கருவித் தொகுப்பைப் பிடி மட்டும் மாற்றி ஒப்பிடுங்கள். பொதுவான ஏறுவரிசை இது: மங்கலான நைலான் மேலோடு போட்ட எளிய மாதிரி, செல்லிடோர், அலாக்ஸ், மரம், அதற்கும் மேலே கார்பன் இழையும் டைட்டானியமும். கைப்பிடிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையில் ஒரு கத்தரிக்கோலோ அரமோ உள்ள அடுத்த மாதிரி கிடைக்குமா என்று பாருங்கள். முதல் கத்திக்கு, கருவி கூடுதலாக உள்ள செல்லிடோரே மேல் என்பது என் தீர்ப்பு. கீறினாலும் உடைந்தாலும் மாற்று மேலோட்டின் விலை புதுக் கத்தியின் விலையில் சிறு பங்குதான்.

வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, கூரியரின் கையாளும் கட்டணம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 'வரி உட்பட' என்று எழுத்தில் தராத விற்பனையாளரிடம், வீட்டு வாசலில் கூடுதல் பணம் கட்ட நேரிடும் என்று எண்ணியே வாங்க வேண்டும்.

8. கையில் வாங்கியதும் சோதியுங்கள்

ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். அலுமினியமும் டைட்டானியமும் ஒட்டாது, கருவி எஃகு ஒட்டும். டைட்டானியம் என்று விற்கும் பிடியில், எஃகில் ஒட்டுவதுபோல் காந்தம் இறுக ஒட்டினால் சந்தேகப்படுங்கள்; மெல்லிய வெளித்தகட்டுக்கு உள்ளே இருக்கும் எஃகும் காந்தத்தைச் சற்று இழுக்கும். சாலையோரத்திலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் '11 கருவிகள்' வகையில், மரம் என்று காட்டப்படுவது மர ரேகை அச்சிட்ட தாளாகவும், எஃகு என்பது துத்தநாகக் கலப்பு வார்ப்பாகவும் இருப்பதுண்டு. இடுக்கியை அழுத்தினால் அந்த வார்ப்பு முறியும்.

மேலோட்டுக்கும் உள் தகட்டுக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. செல்லிடோர் மேலோட்டில் சிலுவைக் கேடயச் சின்னம் உலோகமாகப் பதிக்கப்பட்டிருக்கும், எளிய நைலான் மாதிரிகளில் அது அச்சாக மட்டும் இருக்கும். எனவே அச்சுச் சின்னத்தைக் கண்டதும் போலி என்று முடிவுகட்டாதீர்கள்; மாதிரியின் எண்ணை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, கையை நனைத்துக்கொண்டு ஒருமுறை பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் மறுக்க மாட்டார், மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

9. ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள்

பெயரும் தேதியும் மாதிரி எண்ணும் உள்ள ரசீதை வாங்கி, ஒளிப்படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது ஓராண்டில் வெளுத்துவிடும். விக்டோரினாக்ஸ் கத்திகளுக்குப் பொருள், தயாரிப்புக் குறைகளுக்கு எதிராக வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது. இயல்பான தேய்மானமும் தவறான பயன்பாடும் அதில் அடங்கா. லெதர்மேன் தருவது 25 ஆண்டு உத்தரவாதம், அதில் நிறப் பூச்சின் தேய்வு சேராது. கைப்பிடியில் நேரும் பெரும்பாலான சேதங்கள் இந்த விலக்குகளுக்குள்தான் வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டே கோரிக்கை அனுப்புங்கள். பழுதுக்கு அனுப்பினால் வாரக்கணக்கில், சில வேளை அதற்கும் மேலாகக் காத்திருக்க நேரும். பயணத்துக்கு முந்தைய மாதத்தில் அனுப்பாதீர்கள். நீங்களே மேலோடு மாற்றிய கத்தியானால், பழைய மேலோட்டைப் பொருத்தி அனுப்ப இயலுமா என்று முன்னதாக எழுதிக் கேளுங்கள்.

இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள் 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகுகளைப் பற்றியவை, பைக்கத்திகள் அந்த அளவை எட்டுவதில்லை. விமானத்தில் கைப்பையில் வைக்க அனுமதி இல்லை, பதிவுசெய்யும் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. கத்தியையே பலரும் மறந்துபோய்ச் சோதனை வாயிலில் இழக்கிறார்கள்.

10. மேலோட்டை மாற்றும் முறை

இது செல்லிடோர், நைலான் மேலோடு அழுத்திப் பொருத்தப்பட்ட 58, 84, 91 மி.மீ. கத்திகளுக்கு மட்டும் உரியது. புது மேலோடு வாங்கும்போது அளவைச் சரியாகச் சொல்லுங்கள். 91-க்கும் 93-க்கும் உள்ள 2 மி.மீ. வேறுபாட்டை 'ஒட்டிக்கொள்ளும்' என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், ஒட்டாது. பழைய மேலோடு கழற்றும்போது உடையலாம் என்பதால் இரு பக்கத்தையும் ஒன்றாக வாங்குங்கள். 58 மி.மீ. வகையில் பேனா உள்ளதற்கும் விளக்கு உள்ளதற்கும் மேலோடு வேறு.

எல்லாக் கருவிகளையும் மடக்கி, சாமணத்தையும் பல்குச்சியையும் எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்தெடுத்தால் மேலோடு சற்று இளகும். ரிவிட்டுக்கு அருகே மெல்லிய தகட்டை நுழைத்து, ஒரே இடத்தில் நெம்பாமல் சிறிது சிறிதாக எல்லா ரிவிட்டுப் பக்கமும் தூக்குங்கள். உள் தகட்டில் படிந்திருக்கும் அழுக்கைத் துடைத்து முழுவதும் உலரவிடுங்கள். புது மேலோட்டின் குழிகளை ரிவிட்டு முனைகளில் நிறுத்தி, இரு பக்கமும் துணி சுற்றிப் பட்டறை வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) மெல்ல அழுத்தினால் 'டக்' என்ற ஒலியோடு அமரும். முழு வேலையும் அரை மணி நேரத்துக்குள் முடியும். உடனடிப் பசையைப் பயன்படுத்த வேண்டாம். செல்லிடோரில் வெண்திட்டுகள் படியும், அடுத்த முறை கழற்றவும் இயலாது. துளை தளர்ந்த பழைய மேலோட்டுக்கு மட்டும் மெதுவாகக் கெட்டிப்படும் எப்பாக்சியைக் கடுகளவு வைத்து, 24 மணி நேரம் அழுத்தத்திலேயே விடுங்கள். எப்பாக்சி பிதுங்கி உள் தகடுகளுக்கு இடையே இறங்கினால் கருவிகள் திறக்காது, ஆகையால் ஓரங்களை உடனே துடைத்துவிடுங்கள்.